வெள்ளிக்கிழமை மரக்கறி தின்ற மீன்கள்

என் கணவர் கட்டாருக்குப் புறப்பட்ட அன்று காலை, பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றிய பிறகு திரும்பவும் வீட்டுக்குள் போனார். பாஸ்போட்டை மறந்துவிட்டார் என்று நினைத்து நானும் பின்னால் போனேன். அவர் முன்னறையில் மீன் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மேலே இருந்த, தீன் அடைத்த தகர ரின்னை எடுத்து என் கையில் தந்தார்.

"காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. விரல் நுனியில எடுக்கிற அளவு காணும். கூடப் போட்டிடாதயும்."

எனக்கு வேறு ஏதாவது சொல்வார் என்று கொஞ்சம் நின்று பார்த்தேன். வான்காரர் ஹோர்ன் அடித்தார். அவர் போய்விட்டார்.

இவர் உட்துறைமுகக் கரையில் ஒரு வேலைத்தலத்தில் படகு எஞ்சின் திருத்துபவர். மண்ணெண்ணெய் இல்லாமல் போன அந்த வருடம் படகுகள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. ஓடாத எஞ்சின் பழுதாவதில்லை. யாரும் திருத்தக் கொண்டுவரவும் மாட்டார்கள். முதலில் வாரத்தில் பாதி நாள் வந்தால் போதும் என்றார்கள், பிறகு ஆள் அனுப்பும்போது வந்தால் போதும் என்றார்கள். ஆள் வரவேயில்லை. கட்டாரில் இருந்த அவருடைய சித்தப்பா மகன் ஒரு வேலை பிடித்துத் தந்தபோது, நாற்பத்தேழு வயதில் முதல் தடவையாக விமானம் ஏறினார். மகள் மட்டக்களப்பில் தாதியர் பயிற்சியில் இருந்தாள், விடுதியில். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வாடகை வீட்டில் நானும் மீன்களும் மிஞ்சினோம்.

அதுவரை அந்தத் தொட்டிக்கு நான் செய்ததெல்லாம் வெளிக் கண்ணாடியைத் துணியால் துடைப்பதுதான். உள்ளே வால் அகன்ற தங்கமீன் இரண்டு, தட்டையான, கோடு போட்ட ஏஞ்சல் இரண்டு, கறுப்பு மோலி ஐந்தாறு, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் முரடான ஒரு மீன். கடைக்காரர்கள் அதைக் கிளீனர் என்பார்கள். எது எப்படிப்பட்டது, எது எதைத் தின்னும் என்றெல்லாம் நான் யோசித்ததில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே ரின்தானே.

நான் குடும்பநல உத்தியோகத்தர். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்ப்பதும், கிளினிக்கில் நிறை நிறுப்பதும், தாய்மாருக்கு என்ன கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குச் சோற்றோடு பருப்பு, பருப்போடு கீரை, பிறகு மீன், முட்டை, மஞ்சள் நிறப் பழம் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

மழை தொடங்குவதற்கு முன் ரின் முடிந்தது. ரவுனில் மீன் தொட்டிகள் விற்கும் கடைக்குப் போனேன். பெற்றோல் இல்லாததால் நடந்தே போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா. அவருடைய மருமகளின் இரண்டு பிரசவத்துக்கும் நான்தான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவருடைய தட்டுகளில் தூசும் பிளாஸ்ரிக் பூக்களும் மட்டும் இருந்தன. தீன் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவது, மனிதருக்கே மருந்து இறக்க ஏலாமல் கிடக்கும்போது மீனுக்கு யார் இறக்குவார்கள் என்று கேட்டார். அவரே தன் தொட்டிகளில் பாதியை வெறுமையாக்கி வைத்திருந்தார். எதைக் கொடுக்கலாம் என்று கேட்டேன். பாண் துகள் போடுங்கோ மிஸ், சோறும் தின்னும், பசித்தால் எதையும் தின்னும் என்றார். அவருக்கும் அன்றைக்கு அதைவிட நல்ல யோசனை இருக்கவில்லை.

அப்படியே செய்தேன். காலையில் பாண் துகள், பின்னேரம் நசித்த சோறு. மீன்கள் பாய்ந்து வந்து தின்றன. இதுக்குப் போயா அந்த ரின் என்றுகூட நினைத்தேன். ஒரு வாரத்தில் தண்ணீர் அரிசி கழுவிய நிறத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் கரன்ற் பகலில் மணித்தியாலக் கணக்கில் நிற்கும். தொட்டிக்குக் காற்று ஊதும் குழாயும் கூடவே நிற்கும். மிஞ்சிய பாண் அடியில் புளித்துக் கிடந்தது. மோலிகளின் வயிறு ஒட்டிப்போனது. பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், தங்கமீன்களில் ஒன்று வயிறு மேலே பார்க்க மிதக்கிறது. செத்துவிட்டது என்று வலையால் எடுக்கப் போனேன். வாலை அடித்தது. நிமிர முயன்று, ஏலாமல், திரும்பவும் தலைகீழானது. மற்றத் தங்கமீனும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நீந்தியது.

அன்று பின்னேரம் இவர் வட்ஸ்அப்பில் முகம் தெரியும் வீடியோ அழைப்பு எடுத்தார். வழக்கம்போல என்னிடம் நாலு சொல், பிறகு தொட்டியைக் காட்டும் என்றார். காட்டினேன். ஃபோனைக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லிப் பார்த்தார்.

"என்ன குடுத்தனீர்?"

"பாண். சோறு. வேற என்ன கிடக்கு?"

"கிளினிக்குக்கு வாற தாய் ஒராள், பாண் மட்டும்தான் குடுக்கிறன் எண்டு சொன்னா நீர் விடுவீரோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ் இல்லாமல் நடந்து போய் வேலை செய்துவிட்டு, காஸ் இல்லாமல் விறகு மூட்டிச் சமைத்துவிட்டு நிற்கிற என்னிடம் மீனுக்கு வழக்குப் பேசுகிறார் என்று நினைத்தேன். பிள்ளையும் மீனும் ஒன்றா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் கிளினிக் நாள். ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். வளர்ச்சி அட்டையில் நிறைக் கோடு மேலே போகாமல் படுத்துக் கிடந்தது. என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். ரீயில் தோய்த்த பிஸ்கற் மட்டும்தான் மிஸ், வேறு ஒன்றும் வாயில் வைக்கிறான் இல்லை என்றாள். அவளுடைய புருஷன் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். அந்த மாதங்களில் அவர்கள் வீட்டில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே கடையில் வாங்குவதைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்து வளவு முருங்கையிலை, நெத்தலிக் கருவாட்டை வறுத்து இடித்த தூள், கனிந்த பப்பாசி, பயறு என்று சொல்லத் தொடங்கினேன். ஒரே சாமானையே கொடுத்தால் பிள்ளை வயிறு நிறையும், உடம்பு வளராது, பிறகு வேறு ஒன்றையும் தொடாது என்று சொல்லிக்கொண்டு போகும்போது, நேற்றுத் தலைகீழாகக் கிடந்த தங்கமீன் நினைவுக்கு வந்து பேச்சு நின்றுபோனது. அந்தத் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமாளித்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.

வீட்டுக்கு வந்து முதலில் பாணை நிறுத்தினேன். இவருக்கு நானே எடுத்தேன். கோபத்தைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை. தலைகீழான மீனுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். வயிறு அடைத்துவிட்டது, இரண்டு மூன்று நாளைக்கு ஒன்றும் போட வேண்டாம், பிறகு அவித்த பட்டாணியைத் தோல் உரித்து நசித்துக் கொடும் என்றார். தண்ணீரில் காற்பங்கை மாற்றச் சொன்னார். கரன்ற் இல்லாத நேரத்தில் தீன் போடவே கூடாது என்றும் சொன்னார், மூச்சுக்கே காற்றுக் காணாத நேரத்தில் சாப்பாடு கனம் என்று.

பட்டாணிக்கு மூன்று கடை ஏறினேன். பட்டினி முடிந்த நாள் ஒரு பட்டாணியைப் பத்தாகக் கிள்ளி, தலைகீழாக மிதந்ததன் வாய்க்குப் பக்கத்தில் விரலால் பிடித்தேன். அது தின்றது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தபோது நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தது. சும்மா சாய்ந்து நீந்திய மற்றது, சுகமாகிவிடும் என்று நான் நம்பியது, அதே நாள் அடியில் செத்துக் கிடந்தது. வாழைக்குக் கீழே புதைத்தேன். இவருக்குச் சொன்னபோது, அது வயதான மீன் என்று சொன்னார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். மோலியின் வாய் மேலே பார்த்திருக்கும். அது தண்ணீரின் முகத்தில் மிதப்பதைத்தான் கொத்தும், இடையில் கண்ணாடியிலிருக்கும் பச்சையையும் சுரண்டும். ஏஞ்சலின் வாய் நேர் முன்னால். அசைகிற எதையும் பார்க்கும், அசையாததைக் கண்டுகொள்ளாது. கிளீனரின் வாய் வயிற்றுப் பக்கம். தங்கமீன் அடியில் கல்லையெல்லாம் வாயில் போட்டுத் துப்பித் துப்பித் தேடும், கிடைத்ததை எல்லாம் தின்னும், அதனால்தான் முதலில் நோயிலும் விழும். ஒரே தீனைப் போட்டுவிட்டுப் போனால் வேகமானவை தின்று கொழுக்கும், மற்றவை காயும். ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே கோப்பையை நடுவில் வைத்தால் நடப்பதுதான்.

ஆனால் ஒன்று மனதை உறுத்தியது. பிள்ளைகளுக்கே இல்லாத காலத்தில் மீனுக்குச் சமைப்பதா? ஆகவே ஒரு முடிவு எடுத்தேன். மனிதர் சாப்பிடக்கூடிய எதையும் மீனுக்கென்று வாங்குவதில்லை. எங்கள் வெட்டுப் பலகையில் மிஞ்சுவதிலிருந்துதான் அவற்றின் சாப்பாடு. பூசணிக்காய் வெட்டும்போது விதையோடு வரும் நார்ச் சதை, பசளிக் கீரையில் கரை கருகிய இலை, வெள்ளரி இனத்துக் கெக்கரிக்காயின் நுனி, கரட்டின் தலை, இறால் வாங்கும் நாளில் தலைக்குள் ஒட்டியிருக்கும் சதை. இதற்கு முன் இவையெல்லாம் எங்கள் ஊர் வீதிகளில் திரியும் மான்களுக்குக் கேற்றடியில் போகும். மான்கள் கொஞ்ச நாள் வந்து நின்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயின.

பூசணித் துண்டை அரை அவியலாக்கி ஒரு பழைய தேக்கரண்டியில் குத்தி அடியில் இறக்குவேன். கிளீனர் அதன் மேலே ஏறிப் படுத்துக்கொண்டு காலைவரை சுரண்டும். தோல் மட்டும் மெல்லிசாய் மிஞ்சும். பசளியைக் கொதிநீரில் போட்டெடுத்துக் கத்தரிக்கோலால் நறுக்கினால் மோலிகளுக்கு. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. அன்றைக்கு மீன்களும் மரக்கறிதான். விரதம் பிடிக்க வேண்டும் என்று செய்ததல்ல, பலகையில் வேறு எதுவும் மிஞ்சாது. தங்கமீனின் வயிற்றுக்கு வாரத்தில் ஒரு நாள் அப்படி இருந்தது நல்லதாகவே போயிற்று.

ஏஞ்சல் இரண்டும்தான் வழிக்கு வரவில்லை. இறால் சதையை மயிர் மாதிரி நறுக்கிப் போட்டால் விழும்போது கொத்தும், கீழே விழுந்துவிட்டால் திரும்பியும் பார்க்காது. இறாலும் எப்போதாவதுதான், உட்துறைமுகத்தில் கைவலை வீசுபவர்கள் கொண்டுவந்தால் மட்டும். ஏஞ்சல்களின் நிறம் வெளிறிக்கொண்டு வந்தது. இவரிடம் கேட்டபோது சிரித்தார்.

"உயிரோட ஏதும் குடுக்கவேணும். நுளம்புக் குடம்பிதான் அதுகளுக்குத் திறம். ஆனா நீர் அதை வளர்க்க ஏலாதே."

ஏலாதுதான். மழை தொடங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யோடு சேர்ந்து வீடு வீடாகப் போய், சிரட்டையையும் ரயரையும் கவிழ்க்கச் சொல்லி, கவிழ்க்காதவர்களைக் கண்டிக்கிற ஆள் நான். என் குசினிப் பின்புறத்தில் ஒரு வாளி தண்ணீரில் நுளம்புப் புழு நெளிந்தால் ஊர் என்ன சொல்லும்?

அந்த மழைக்கு நாங்கள் டெங்கு பார்க்கப் போனபோது, ஒரு வீட்டின் பின்கோடியில் லொறி ரயர் ஒன்று கிடந்தது. உள்ளே கறுத்த தண்ணீர். பி.எச்.ஐ. ரோர்ச் அடித்துப் பார்த்தார். நூல் நூலாகக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கின. அவர் வீட்டுக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் கைப்பையிலிருந்து தேத்தண்ணி வடிக்கும் வடியையும் ஒரு போத்தலையும் எடுத்தேன். அவை அன்றைக்குக் கைப்பையில் இருந்தது தற்செயலல்ல. ரயரைச் சரித்துத் தண்ணீரை வடியில் ஊற்றி, வடியில் நின்றதை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசிப் போத்தலில் போட்டு மூடினேன். வீட்டுக்காரப் பெண் பயந்துபோனாள்.

"மிஸ், அதை வழக்கு வைக்கக் கோட்டுக்குக் கொண்டுபோகவோ?"

"இல்லை. மீனுக்கு."

அவள் பி.எச்.ஐ.யைப் பார்த்தாள். அவர் ரோர்ச்சை அணைத்துவிட்டு, "நான் ஒண்டையும் காணேல்ல," என்று சொல்லி அடுத்த வீட்டுக்கு நடந்தார். ரயர் கவிழ்க்கப்பட்டது, அவளுக்குச் சொல்ல வேண்டியதும் சொல்லப்பட்டது. அதில் நான் தளர்வு வைக்கவில்லை.

வீட்டில் கை கழுவக்கூடப் பொறுக்காமல் கொஞ்சத்தைத் தொட்டியில் விட்டேன். ஏஞ்சல்கள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மூலையில் நின்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டும் தட்டையான உடம்பை வளைத்து, ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்தன. மோலிகளும் வந்தன. கண்மூடித் திறக்கிற நேரத்தில் ஒன்றும் மிச்சமில்லை. முடிந்த பிறகுதான் அடுத்த சிட்டிகை என்று வைத்துக்கொண்டேன், ஒன்றுகூடத் தப்பிச் சிறகு முளைக்கக்கூடாது என்பதற்காக. போத்தலில் மிஞ்சியதைக் கொதிநீர் ஊற்றி வெளியே மணலில் கொட்டினேன். அந்த மாரி முழுவதும் என் கைப்பையில் வடி இருந்தது. பி.எச்.ஐ. பிறகு பிறகு, "மிஸ், இஞ்சால நல்ல கொழுத்தது கிடக்கு," என்று அவரே கூப்பிடத் தொடங்கினார்.

மாரி முடிந்தால் என்ன செய்வது என்று யோசித்துத்தான் கட்டித் தீன் செய்யப் பார்த்தேன். இறால் தலைச் சதை, பசளி, கரட், முன்பு வாங்கி மிஞ்சிய பட்டாணி எல்லாவற்றையும் அவித்து அரைத்து, புடிங் செய்ய முன்பு வாங்கிய கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றி, தட்டில் இறுகவிட்டு, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி பிரிட்ஜின் மேல் தட்டில் வைத்தேன். முதல் தரம் கரன்ற் போய் எல்லாம் நீர்விட்டுப் பழுதாகி, குசினி முழுவதும் கருவாட்டுக் கடை மணம். அடுத்த தரம் நாலு நாளைக்குக் காணுமான அளவு மட்டும் செய்தேன். அது நன்றாக வந்தது. பச்சைப் பளிங்கு மாதிரி, பார்க்கவே அழகாக.

அந்த நேரம் பார்த்து மகள் லீவில் வந்தாள். நான் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் குசினிக் கழுவு தொட்டியில் குனிந்து துப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது என்ன புடிங்?"

சொன்னேன். பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் போகும்போது விடுதித் தோழிகளுக்குக் காட்ட அதைப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த மாதங்களில் இவரோடு பேச்சு முழுவதும் மீன் சாப்பாடுதான். இன்றைக்கு என்ன போட்டீர், எது தின்றது, எது தின்னவில்லை. இவருக்கும் அது பிடித்திருந்தது. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு தொட்டியைப் பார்ப்பார். நீங்கள் சாப்பிட்டீங்களா என்று நான் கேட்பேன். ஓம், சாப்பிட்டனான் என்பார். அந்தக் கேள்வியும் பதிலும் தினமும் அப்படியே நடந்தன.

ஒரு நாள் அவர் சிரித்தபோது கடைவாயில் இரண்டு பக்கமும் வெடித்திருப்பதைக் கண்டேன். ஃபோனை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நாக்கை நீட்டச் சொன்னேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே நீட்டினார். நாக்கு மினுமினுவென்று சிவந்து கிடந்தது. இந்த வாயை நான் கிளினிக்கில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். கண் இமையை இழுத்துக் காட்டச் சொன்னேன். வெளிறியிருந்தது.

"உண்மையைச் சொல்லுங்கோ. என்ன சாப்பிடுறனீங்கள்?"

"குபூஸ்."

"அதோட?"

"பருப்பு. சில நாளையில ரீ."

"எவ்வளவு காலமா?"

அவர் ஃபோனை மற்றக் கைக்கு மாற்றினார். போனதிலிருந்து அதுதான் என்று எனக்கு விளங்கியது. வேலை முடிந்து வந்தால் அடுப்படியில் வரிசை, நிற்கக் களைப்பு, கடைச் சாப்பாடு வாங்கினால் வீட்டுக்கு அனுப்புவதில் குறையும். குபூஸ், மலிவான அந்த அரபு ரொட்டி, வயிற்றை நிரப்பியது. ஏஞ்சலுக்கு நிறம் வெளிறியதைக் கண்டு ரயருக்குள் வடி வைத்த நான், இந்த முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு ஓம், சாப்பிட்டனான் என்பதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். அழுதேன். அவர், "தொட்டியைக் காட்டும்," என்றார்.

"காட்டமாட்டன். முதல் உங்கட கோப்பையைக் காட்டுங்கோ. நாளையில இருந்து அதைப் பார்த்திட்டுத்தான் தொட்டி."

"எனக்கும் மெனு போடப் போறீரோ?"

"ஓம்."

அவருடைய அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கந்தளாய்ப் பக்கம், மற்ற இரண்டு பேர் கேரளாக்காரர். எல்லோருடைய கதையும் குபூஸ்தான். நான் சொன்னதை அவர் தயங்கித் தயங்கி அவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஒரு நாள் சமையல், மற்றவர்களுக்கு அன்று ஓய்வு என்று ஒரு ஒழுங்குக்கு வந்தார்கள். அங்கே கீரை மலிவாகக் கிடைக்கும் என்பதே இவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முட்டை, கடலை, தக்காளி, ரின் மீன், கிழமைக்கு ஒரு நாள் ஈரல். மருத்துவரிடம் போய்க் குளிசையும் எடுத்தார். தினமும் பின்னேரம் கோப்பை ஒன்று என் ஃபோனில் தெரியும். சில நாள் கந்தளாய்க்காரர் தன் கோப்பையையும் பின்னால் நீட்டுவார். இரண்டு மாதத்தில் கடைவாய் ஆறியது. கோப்பையைப் பார்த்த பிறகு நான் தொட்டியைக் காட்டுவேன்.

நிலைமை மெல்ல மெல்ல மாறியது. மண்ணெண்ணெய் வந்தது, படகுகள் இறங்கின. கடைக்கார நானா ஒரு நாள் வழியில் கண்டு, ரின் வந்திருக்கிறது மிஸ், உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். வாங்கினேன். அது நல்ல தீன்தான், அதில் இருக்கிற உயிர்ச்சத்தெல்லாம் என் பலகையிலிருந்து வராது. ஆனால் திரும்பவும் அதை மட்டும் போடும் எண்ணம் இல்லை. வாரத்தில் மூன்று நாலு நாள் அது, மற்ற நாள் மற்றவை என்று ஓடியது.

அடுத்த வருடக் கடைசியில் ஏஞ்சல்கள் காற்றுக் குழாயின் பக்கத்தில் வரிசை வரிசையாக முட்டை இட்டன. முதல் தரம் தாங்களே தின்றுவிட்டன. இரண்டாம் தரம் குஞ்சு வந்தது. வேறு பாத்திரத்துக்கு மாற்றி, நான் சாப்பிட அவித்த முட்டையில் கொஞ்சம் மஞ்சட்கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து கொடுத்தேன். அதிகமானவை செத்தன. ஏழு பிழைத்தன. ஏழு போதும் என்று இவர் சொன்னார், தொட்டி தாங்காது என்று.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து இவர் வந்தபோது விமான நிலையத்துக்கு மகளும் நானும் போனோம். ஆள் மெலிந்திருந்தார், ஆனால் வாடவில்லை. வீட்டுக்கு வந்ததும் தொட்டிக்கு முன்னால் போய்க் குனிந்தார். மீன்கள் அவரைக் கண்டு பின்னுக்குப் போய் நின்றன. நான் குசினியிலிருந்து வந்ததும் எல்லாம் என் பக்கம் திரண்டன. அவருக்கு அது கொஞ்சம் நொந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் தீன் போடும் வேலையை அவரிடமே விட்டேன். பிறகு அவரிடமும் வந்தன. இப்போது அவர் பழைய வேலைத்தலத்திலேயே வேலை செய்கிறார்.

கிளீனர்தான் பிரச்சினையானது. பூசணி தின்று தின்று முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, திரும்பும்போது கல்லையெல்லாம் புரட்டியது. எங்கள் வீதியில் பல் வைத்தியர் ஒருவருடைய கிளினிக்கில், காத்திருக்கிற இடத்தில், சுவர் அளவுக்குப் பெரிய தொட்டி இருக்கிறது. கேட்டபோது சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். வாளியில் வைத்து ஓட்டோவில் கொண்டுபோய் விட்டோம். ஒரு கிழமை கழித்து அவர் ஃபோன் எடுத்து, மீன் ஒன்றும் தின்னாமல் கல்லுக்குப் பின்னால் கிடக்கிறது, விலை கூடிய தீன்தான் போடுகிறேன் என்று கவலைப்பட்டார். பூசணித் துண்டைக் கரண்டியில் குத்திப் பின்னேரம் இறக்கிப் பார்க்கச் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் திரும்ப எடுத்தார்.

"தோல் மட்டும்தான் மிச்சம், மிஸ். நாளைக்கு என்ன குடுக்கிறது?"

கெக்கரிக்காய் என்றேன்.